வாசலில் குவிந்த செருப்புகள்

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வேலைச் சப்பாத்துகள், தேவாலயத்துக்குப் போடும் கறுப்புச் சப்பாத்துகள், குழந்தைகளின் ரப்பர் செருப்புகள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு, வாசலில் அத்தனை செருப்பைக் கண்டால் ஒன்று கலியாண வீடு, இல்லையென்றால் செத்த வீடு. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதால் நல்ல காரியம்தான் என்று நினைத்து, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வீட்டு அம்மா சமோவாத் தீவிலிருந்து வந்தவர். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. நாங்கள் குடியேறிய இந்த நகரத்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில், எங்கள் தெருவில் பாதிக்கு மேல் அரசாங்க வீடுகள். அவருடையதும் அதில் ஒன்று. அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது தமிழாகத்தான் இருக்கிறது. “பார்ட்டியோ? இல்லையப்பா. தம்பி குடும்பம் வந்திருக்கு. இனி இஞ்சதான். வாடகையைப் பிரிச்சுக் கட்டப்போறம்.” பிறகு தட்டைப் பார்த்து, “நீங்கள் இதைக் கொண்டு வந்திட்டியள், இப்ப பார்ட்டிதான்” என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதுவரை வருமானத்தைப் பார்த்து வாடகை வாங்கிய அரசாங்கம், இனி வெளியே தனியார் வீட்டுக்கு என்ன வாடகையோ அதையே கட்டச் சொன்னது. அதே காலத்தில், பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளிக்கூடத்துக்கே போகவேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளைக் காரில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கின. யாரும் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வகுப்பில் சமோவா, டொங்காத் தீவுப் பிள்ளைகளும், இந்த மண்ணின் பூர்வீக மாவோரிப் பிள்ளைகளும், என் மகளும் மிஞ்சினார்கள். அரசாங்கம் வீடு கட்டிக்கொடுத்த இடத்தில் அவர்கள் இருந்தார்கள். அவர்கள் இருக்கும் இடம் என்பதாலேயே அந்தப் பள்ளி மற்றவர்களுக்கு ஆகாமல் போயிற்று.

பக்கத்து வீட்டு அம்மாவின் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே அந்த வருடத்து வகுப்பாசிரியையால்தான். “இந்த டீச்சரிட்டயே வருஷத்தை முடிச்சாக் காணும். அதுவரைக்கும் வீட்டைப் பிடிச்சிருக்கவேணும்” என்று மதிலோரம் நின்று சொல்வார். தம்பிக்கு வேலை போனது. குளிர்காலம் முடியுமுன், அந்தப் பள்ளியையும் டீச்சரையும் விட்டு, எல்லோரும் ஒட்டாராவில் ஓர் உறவினரின் கார் கராஜுக்குக் குடிபோனார்கள். “வேலைக்குக் கிட்டத்தானே” என்றார். சொல்லிக்கொள்ள வேறு நல்லது அவருக்குக் கிடைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கராஜ் வாசலில் அதே செருப்புக் குவியல், மழையில் ஊறிக் கிடந்தது. அன்றும் கையில் கேசரி இருந்தது. விசேஷம் என்று மட்டும் நினைக்கவில்லை. மகள் தன் வாசிப்புப் புத்தகத்தைத் தோழியிடம் நீட்டினாள். அந்தப் பிள்ளை படங்களைப் பார்த்துத் தானாக ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போனாள். எழுத்தின் பக்கம் கண் போகவில்லை. அவளுடைய தாய் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள், ஆங்கிலத்தில்: “அவளுக்கு மறந்துபோச்சா, அம்மா?”

பக்கத்து வீட்டை அரசாங்கம் விற்றுவிட்டது. புதிதாக வந்தவர்கள் சப்பாத்தோடு உள்ளே போகிறார்கள்; அவர்களுடைய பிள்ளைகளும் காலையில் காரில்தான் போகிறார்கள். “இஞ்சேரும், நாங்களும் பிள்ளையை வேற பள்ளிக்கு மாத்துவமே?” என்கிறார் கணவர். நான் மகளின் பள்ளிப் பையை அடுக்குகிறேன். மகள் சப்பாத்து மாட்டும்போது இன்னும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு வாசலின் சீமெந்துப் படி துப்புரவாக, வெறுமையாக இருக்கிறது.