திருக்கைத் தோலில் ஒரு பெயர்

வெர்னா டீகார்டன் இருபத்தாறு ஆண்டுகளாகத் துப்பாக்கி உறைகள் தைத்துவந்தாள். அவற்றுள் ஒன்றிலேனும் அவள் பெயர் இல்லை. முதலைத் தோல், தீக்கோழித் தோல், மலைப்பாம்புத் தோல் என மேற்கு டெக்சஸ் பண்ணைக்காரர்களின் இடுப்புகளில் ஏறிய அவ்வுறைகளின் பின்புறத்தில் ‘ஆர். டீகார்டன்’ என்னும் முத்திரையே பதிந்திருந்தது. ‘ஆர்’ என்பது அவள் கணவன் ராய்ஸ். தொடக்கத்தில் அவனும் தைத்தான். பிறகு, வாடிக்கையாளர்களிடம் பேசுவதே தன் வேலை என்று முடிவுசெய்து, முன்கடையில் காப்பிக் கோப்பையோடு அமர்ந்துவிட்டான். வெட்டுவது, தைப்பது, ஈரத்தோலை மாதிரித் துப்பாக்கியின்மேல் அழுத்தி வடிவெடுப்பது, இறுதியில் அவன் பெயரை அடிப்பது ஆகிய அனைத்தும் அவள் பாடு.

ஓய்வுபெறவிருந்த ஷெரிப் ஹோலிஸ் பார்ச்மனுக்குத் திருக்கை மீன் தோலில் ஓர் உறை செய்யும் வேலை வந்தது. அன்று ராய்ஸ் நல்ல மனநிலையில் இருந்தான்.

“நீயும் எத்தன நாளா கேக்குற, வெர்னா! இதுல உன் பேரையே அடிச்சுக்க, போ.”

மறுநாளே அவள் தன் முழுப்பெயரில் முத்திரை செய்யக் கொடுத்துவிட்டாள்.

ராய்ஸ் எழுதிய சீட்டில் ‘இடது’ என்றிருந்தது. பட்டறைப் பேச்சில் இடது என்றால் இடக்கைக்காரருக்கு உரியது என்று பொருள். அச்சொல் கையைக் குறிக்குமேயன்றி இடுப்பைக் குறிக்காது. வெர்னாவுக்கு ஐயம் எழுந்தது.

“ராய்ஸ், ஷெரிப் வலக்கைக்காரராச்சே? போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல வலது கையாலதான கையெழுத்துப் போட்டாரு?”

“எழுதுறது வேற, சுடுறது வேற. ஆர்டர் எடுத்தது நீயா நானா?”

“ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்.”

“கேட்டா என்ன நெனப்பாரு? முப்பது வருஷமா கட வெச்சிருக்கான், எடது வலது தெரியலைம்பாரு. சீட்டுல இருக்கறத வெட்டு.”

வெட்டினாள். திருக்கைத் தோலின் நடுவே வெண்முத்துகள் திரண்ட கண் ஒன்று உண்டு. ஒரு தோலுக்கு ஒரே கண். ஆகவே ஒரே வெட்டு. அந்தக் கண் உறையின் வெளிமுகத்தில், நட்டநடுவே விழுமாறு வைத்து அறுத்தாள். தையல் ஓடும் விளிம்பில் கல்போன்ற மணிகளைத் தேய்த்துத் தரைமட்டமாக்கிய பின்பே ஊசி இறங்கியது. அப்படியும் ஏழு ஊசிகள் ஒடிந்தன. பத்தாம் நாள் தன் பெயரை அடித்தபோது, கூரைத் தகரத்தில் மழை விழுந்ததைக்கூட அவள் கேட்கவில்லை.

பிரிவுபசார விருந்தில், சுட்ட மாட்டிறைச்சித் தட்டுகளுக்கு நடுவே, ஷெரிப் எழுந்து நின்று உறையை இடது இடுப்பில் மாட்டினார். வலக்கையை வயிற்றின் குறுக்கே கொண்டுசென்றார். துப்பாக்கிப் பிடி முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. பிடி முன்னே வரும்படி உறையைத் திருப்பினாலோ, தோலின் முத்துக்கண் தொந்தியில் ஒட்டிக்கொண்டது.

“ஏன்டா ராய்ஸ், இதுலருந்து உருவணும்னா முழங்கைய ஒடைச்சிக்கணும் போலிருக்கே! வண்டியில உக்காந்தபடியே வலது கையால எடுக்க வசதியா, எடது இடுப்புல வேணும்னுதானடா சொன்னேன்?”

கூடம் சிரித்தது. ராய்ஸின் முகம் ஒரு கணம் வெளுத்து, மறுகணமே மலர்ந்தது.

“பின்னால முத்திரையப் பாருங்க, ஷெரிப். எங்க வீட்டுக்காரி பேர்ல வர்ற மொத உருப்படி. ஆசப்பட்டா, விட்டுட்டேன்.”

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள்.

“சீட்டுல எடதுன்னு எழுதினது...” என்று வெர்னா தொடங்கினாள்.

“அட விடுங்க, மிஸ் வெர்னா!” என்று தீவனக்கடைக்காரர் குறுக்கிட்டார். “எம் பொண்டாட்டிக்கும் இப்படித்தான். எடப்பக்கம் திரும்புடின்னா நேரா ஆத்துக்குள்ள விடுவா வண்டிய!”

எல்லாவற்றினும் பெரிய தீங்கைச் செய்தது ஷெரிப்பின் நல்லமனம். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. ‘நல்லாத்தான தச்சிருக்கு, பாவம்’ என்று தாம் நாள்தோறும் காலையுணவு உண்ணும் கடையின் சுவரில் மாட்டிவைத்தார். கேலி விளங்கவேண்டும் என்பதற்காக, பெயர் தெரியும் பக்கமே வெளியே பார்த்தது. முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றபடி ஊரே அப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தது.

ஆறு வாரத்தில், ஷெரிப்புக்கு மாற்று உறை செய்ய வேறொரு திருக்கைத் தோல் வந்தது. வெர்னா வலக்கைக்கு வெட்டி, குறுக்கே உருவுவதற்கேற்பச் சாய்த்துத் தைத்து முடித்தாள். ராய்ஸ் பின்கட்டுக்கு வந்து தன் முத்திரையை மேசைமேல் வைத்தான்.

“இதுக்குப் பழசே இருக்கட்டும். உன் பேரப் பாத்தா மறுபடி சிரிப்பாங்க.”

“உன் பேர நீயே அடிச்சுக்க.”

“அதுக்கென்ன, அடிச்சாப் போச்சு” என்று அவன் கொட்டாப்புளியை எடுத்தான். தோலை ஈரப்படுத்தவில்லை. முத்திரையைச் சாய்வாக, தையலோரத்தில் முட்டும்படி வைத்தான். அடித்தால் எழுத்து இரட்டையாக விழும். பத்து நாள் உழைப்பு பாழாகும்.

வெர்னா மூன்று எண்ணும்வரை பொறுத்தாள். அதற்குமேல் இயலவில்லை. அவன் கையிலிருந்து இரண்டையும் பிடுங்கி, தோலை நனைத்து, முத்திரையை நேராக நிறுத்தி ஒரே அடி அடித்தாள்.

“அதான் பாத்தேன்,” என்றான் ராய்ஸ், காப்பியை உறிஞ்சியபடி. “உன்னய மாதிரி யாரு அடிப்பா?”

‘ஆர். டீகார்டன்’ என்னும் எழுத்துகள் பிசிறின்றிப் பதிந்திருந்தன.