நெஞ்சுப் படத்து நிழலை மாதா நீக்கிய விதம்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, என் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டேன். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். எனக்குத் தலைவலி வந்தாலே வீடு இரண்டுபடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் இதை யாரிடம் சொல்வது? மார்பு என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லாத குடும்பத்தில் பிறந்தவள் நான். இந்தச் சாட்சியில் அதைப் பலமுறை சொல்லப்போகிறேன். சகோதரிகளே, பொறுத்துக்கொள்ளுங்கள். சகோதரர்களே, தலையைக் குனிந்துகொள்ளாமல் நீங்களும் கேளுங்கள்.

என் பெயர் ரோசம்மாள். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை யாவாரம் செய்யும் சவரிமுத்துவின் மனைவி. எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். கட்டி நெல்லிக்காய் அளவு ஆனபிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் உடனே மண்டியைப் பூட்டிவிட்டு வந்து, என்னை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டர் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"தாமசம் பண்ணாதீங்க. மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திண்டிவனம் வரை பஸ், அங்கிருந்து ரயில். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டரம்மா கட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தது. எனக்குக் காது அடைத்துப்போயிற்று. ஆனாலும் அந்த அம்மாள் நல்ல மனுஷி. கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்கள்.

"மார்பை எடுத்துட்டா நீங்க பொழைக்க வழி இருக்கு. ஆனா நோய் அந்த இடத்திலேயே நிக்குதா, நுரையீரலுக்குப் பரவிடுச்சான்னு முதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். பரவியிருந்தா அறுத்துப் பிரயோசனமில்ல."

ஆக, நான் பிழைப்பதும் போவதும் ஒரு படத்தில் இருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் நான் எடுத்துக்கொண்ட ஒரே படம் கல்யாணப் படம்.

எக்ஸ்ரே அறை இருட்டாக இருந்தது. உள்ளே ஒரு ஆண்பிள்ளை. ரவிக்கையைக் கழற்று, தாலியைக் கழற்று என்றான். ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றான். கூச்சத்தில் எனக்கு உயிர் போய்விட்டது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, துணியை இறுக்கிப் போர்த்தினேன். ஒரு பலகையில் நெஞ்சை அழுத்தி நிற்கச் சொன்னான். மூச்சைப் பிடிக்கச் சொன்னான். அருள் நிறைந்த மந்திரத்தைப் பாதி சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் எக்ஸ்ரே டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நெற்றியில் விபூதியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார். படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தார். வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, நீளவாக்கில் ஒரு வெள்ளைத் திட்டு.

"இந்த நிழல்தான் சந்தேகமா இருக்கு. நோய் உள்ள போன மாதிரி தெரியுது" என்றார். பிறகு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். எந்த நிழல் நோய், எது நோயில்லன்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடல. அதுக்காகத்தான் ஒரே ஆளை ரெண்டு தடவை படம் எடுத்து, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். அடுத்த மாசம் வாங்க. நிழல் அப்படியே இருந்தாலும் சரி, வளர்ந்திருந்தாலும் சரி, அறுவை வேண்டாம்னுதான் எழுதுவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் ஓடிவந்து, "நைனா, மெட்ராசுல இன்னா வாங்கியாந்த?" என்று கேட்டாள். அவர் கொல்லைப்புறம் போய் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்குக் கோபம் வந்தது. மாதாவிடம்தான் கோபித்துக்கொண்டேன். தினமும் பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு, சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டேன். "அம்மா, பிள்ளையை வைத்துவிட்டுப் போகிற தாயின் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியாதா? அந்த நிழலை எடுத்துவிடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மார்பு போனால் போகட்டும். நிழலை மட்டும் எடு." இதே மன்றாட்டுத்தான். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் இதையே சொன்னேன்.

எனக்கு அப்போது முழங்காலைத் தொடும் முடி. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பின்னல் கனத்தில் கழுத்து வலிக்கும். எங்கள் சனங்கள் முடி காணிக்கை நேர்ந்துகொள்வது உங்களுக்குத் தெரியும். காரியம் கைகூடினால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொள்வோம். கைகூடிய பிறகுதான் கொடுப்போம். மாதாவிடம் அப்படி யாவாரம் பேச எனக்கு மனசு வரவில்லை. யாவாரம் பேச எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கொடுப்பதை இப்போதே கொடுத்துவிடுவது என்று ஒருநாள் பூசை நேரத்தில் தீர்மானம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் வீட்டுக்காரர் குதித்தார்.

"இன்னாமே, நான் உசுரோட இருக்கச்சொல்லவே மொட்டையா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"நீங்களும் அடிச்சிக்கிங்க. அப்பால யாரும் இன்னாவும் நெனைக்க மாட்டாங்க" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். கோயில் வேப்பமரத்தடியில் என் தலை முடிந்ததும், அந்த மனுஷன் துண்டை உதறிவிட்டு நாவிதர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பங்குச் சாமியார் இரண்டு மொட்டைகளையும் ஆசீர்வதிக்கும்போது சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

ஈஸ்டர் கழிந்து மறுபடி பயணம். பஸ்ஸில் கண்டக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க, திருப்பதியா?"

"இல்லீங்க, நாங்க வேதக்காரங்க" என்றார் இவர்.

"பின்ன மொட்டை இன்னாத்துக்கு?"

"எங்கம்மா கேட்டாங்க, குடுத்துட்டோம்" என்று இவர் மேலே வானத்தைக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கட்டி கண்ட நாளிலிருந்து அன்றுதான் சிரித்தேன்.

அதே இருட்டறை. அதே ஆள். இந்த முறையும் வெட்கம்தான். ஆனால் இழுத்துவிட்டுக்கொள்ளத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை.

எக்ஸ்ரே டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புதுப் படத்தில் நிழல் இல்லை. சுத்தமாக இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முக்காடு நழுவி என் தலை தெரிந்தது.

"முடி எங்கம்மா?"

"மாதாவுக்குக் குடுத்துட்டேன் சார்."

"போன தடவை படம் எடுக்கிறப்ப முடி எங்க இருந்துச்சு?"

வெட்கத்தோடு சொன்னேன். மேலே துணியில்லாமல் நிற்கக் கூசி, பின்னலை வலது தோள் வழியாக முன்னால் இழுத்து, மார்பை மறைத்து, அதன்மேல் போர்த்திக்கொண்டதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய படத்தை இன்னொரு முறை பிடித்தார். "பாருங்க, பின்னல் முறுக்குகூடத் தெரியுது! எண்ணெய் தடவின கனத்த பின்னல். இதையா நோய்னு பாத்தேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா. நுரையீரல் சுத்தமா இருக்கு. நோய் எடத்தை விட்டு நகரல. நாளைக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன், அறுவை பண்ணலாம்" என்றார்.

நான் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தேன். இவருக்கு மட்டும் ஒரு மனக்குறை.

"அப்ப டாக்டர், எங்க மாதா ஒண்ணும் செய்யலீங்களா?"

டாக்டர் யோசித்தார். "எனக்கு உங்க மாதாவைத் தெரியாதுங்க. ஆனா ஒண்ணு. இந்தம்மா முடியோட வந்திருந்தா மறுபடியும் அதே மாதிரிதான் இழுத்து மூடியிருப்பாங்க. நானும் நிழல் அப்படியே இருக்கு, அறுவை வேண்டாம்னுதான் எழுதியிருப்பேன்" என்றார்.

இதற்கு மேல் எனக்கு யார் பிரசங்கம் வைக்க வேண்டும்? நிழலை எடு என்று கேட்டேன். எடுத்துக்கொண்டாள். எதை எடுத்தால் நிழல் போகும் என்று எனக்குத் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அறுவை நடந்தது. வலி இருந்தது, மறைக்கவில்லை. இடது கையைத் தூக்கப் பல மாதம் ஆயிற்று. ஆனால் இன்று பெரியவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. தாலி முடியும்போது பக்கத்தில் நின்றேன். வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, சர்வேசுரனுக்குத் தோத்திரம். அந்த எக்ஸ்ரே அறையில் இப்போது பெண்களுக்குத் துணையாக ஒரு நர்சம்மாள் நிற்கிறாள். முடியைத் தூக்கி உச்சியில் முடிந்துவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். என் இரண்டு படங்களையும் வைத்து டாக்டர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறாராம்.

பனமலையிலிருந்து ஒரு பெண் போன ஞாயிறு பூசைக்கு வந்திருந்தாள். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் என் பக்கத்திலேயே நின்றாள். என் கையை எடுத்துத் தன் மார்பின்மேல் வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறேன்.

சகோதரிகளே, மன்றாடுங்கள். வெட்கத்தையும் மாதாவின் காலடியில் வைத்துவிடுங்கள். வைத்துவிட்டு எழுந்து எங்கள் வீட்டுக்கு வாருங்கள். செஞ்சியில் மல்லாட்டை மண்டி ரோசம்மாள் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். அந்த இருட்டறை வாசல்வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் வருகிறேன். உள்ளே உங்களோடு மாதா வருவாள்.