எண்ணெய் என்று எழுதினேன்: மெர்போக்கிலிருந்து செர்டாங் வரை ஒரு பம்பு தேடி

பம்பு அறையில் தீப்பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று தொழிற்சாலை அறிக்கையில் எழுதினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினார்கள். ‘பம்புக்காரரின் கவனக்குறைவான தேர்வு’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. எழுதிய மறுநாளே என்னைப் பம்பு அறையிலிருந்து எடுத்துப் புண்ணாக்கு மூட்டை தூக்கப் போட்டார்கள். எனக்கு இப்போது வயது எண்பத்து மூன்று. அந்த வரியை இன்னும் யாரும் அடிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம், வாசனை எண்ணெய் இறக்கும் சிறிய இயந்திரங்களை வாங்கி வைத்திருக்கும் இளைஞர்கள் இந்த இணையப் பக்கத்துக்கு வந்து, ‘கரைப்பானைத் திரும்ப எடுக்க எந்தப் பம்பு பாதுகாப்பானது?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாதி ஊர்களைச் சுற்றிப் பதில் தேடியவன். போன வழியையும் கண்டதையும் சொல்கிறேன்.

மெர்போக் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலை. செம்பனைக் கொட்டையைப் பிழிந்த பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கும். அதை எடுக்க ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றுவோம். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வரும். பிறகு சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகும், குளிர்ந்த குழாயில் மறுபடி திரவமாகும், அதைப் பம்பு தள்ளித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். எல்லாம் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்ற வேண்டும். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் அது மூடிய சுற்று இல்லை. ஹெக்சேன் பெட்ரோல் மாதிரி. பற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொறி போதும்.

புதிதாக வந்த பம்பு மூன்றாம் வாரமே கசியத் தொடங்கியது. நான் இரண்டு முறை சொன்னேன். ‘எல்லாப் பம்பும் கொஞ்சம் கசியும்’ என்றார்கள். ஒரு காலை என் உதவியாள் ஆரோக்கியம் சுவிட்சைத் தட்டினான். பத்து விநாடி நெருப்பு. நான் மணலை வாரி அடித்து அணைத்தேன். ஆனால் அவன் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

ஒரு மாதம் கழித்து, கட்டு பிரித்த கையோடு அவன் வேலைக்கு வந்தான். வருகிற சனிக்கிழமை பம்பு அறையைத் திறக்கப் போவதாகவும், அதே மாதிரிப் பம்பு இன்னொன்று வருவதாகவும், அதை ஆரோக்கியமே ஓட்டுவான் என்றும் மானேஜர் அறிவித்தார். நான் அவர் அறைக்குப் போனேன். வியாழக்கிழமைக்குள் வேறு பம்பு காட்டுகிறேன் என்றேன்.

“கண்டுபிடிச்சா காட்டுலா” என்றார், தலையைத் தூக்காமல். “இல்லன்னா சனிக்கிழமை இதுதான் ஓடும்.”

சம்பளமில்லாத இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, பம்பு. மற்றொன்று, தீப்பிடித்த பம்பை விற்ற கூலிம் கடையில் எங்கள் ஆர்டர் தாளைப் பார்ப்பது. நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை எங்கள் ஆபீஸ் எழுத்தர், கிராணி செல்வநாயகம், ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பியிருந்தார். மாற்றும்போது அவர்தான் எதையோ கெடுத்தார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை 6.15-க்கு மெர்போக் பஸ். சுங்கைப் பட்டாணியில் ஏழு மணிக்கு இறங்கி, பரோட்டா மாதிரி ஒரு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக். 7.30-க்குக் கூலிம் பஸ். இருபது கட்டைக்கு, அதாவது இருபது மைலுக்கு மேல் தூரம், இரண்டு பக்கமும் ரப்பர். சட்டைப் பையில் ஒரு தகர டப்பாவில் பழைய பம்பின் ரப்பர் வளையத்தை வைத்திருந்தேன். மோதிரம் போல இருக்க வேண்டியது, ஊறிய உளுந்து வடை போல ஊதிக் கிடந்தது. 8.45-க்குக் கூலிம். கடை திறக்க ஒன்பது ஆகும். இப்போது போகிறவர்களும் அவசரப்பட வேண்டாம்.

கடைத் தவுக்கே, சீன முதலாளி, வளையத்தைப் பார்த்ததும் சிரித்தார். எங்கள் ஆள்களோடு பழகி அவருக்குத் தமிழ் நன்றாக வரும். “இது என்னா, பெட்ரோல்ல போட்டு வெச்சியா?”

“பெட்ரோல் மாதிரி சாமானுக்குத்தானே பம்பு கேட்டோம்?”

“யாரு சொன்னா?” அவர் ஒரு தடிக் கோப்பை எடுத்து விரலை நக்கி நக்கிப் புரட்டினார். கிராணியின் தாள் வந்தது. ‘ஆயில் பம்பு ஒன்று’ என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. நான் மேசையைத் தட்டினேன். “பாத்தீங்களா, கிராணி மாத்திட்டாரு!”

தவுக்கே தாளைத் திருப்பினார். பின்னால் என் சீட்டு ஊசி போட்டுக் குத்தியிருந்தது. என் எழுத்து. ‘எண்ணெய் பம்பு ஒன்று.’

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சட்டியில் ஊற்றுவதும் எண்ணெய்தான், மோட்டார் சைக்கிளுக்குப் போடும் பெட்ரோலும் எண்ணெய்தான். மலாய்க்காரர்களுக்கும் இரண்டும் மிஞ்ஞாக். தொழிற்சாலையில் எடுக்கிற எண்ணெய்க்குக் ‘கொட்டை எண்ணெய்’ என்று பெயர் வைத்திருந்தோம். பெட்ரோல் வாடை அடிக்கும் ஹெக்சேனை வெறும் ‘எண்ணெய்’ என்போம். அறைக்குள் இருந்த எவருக்கும் அதில் குழப்பமே இல்லை. கிராணிக்கு அறைக்குள் வேலை இல்லை. அவர் எண்ணெயை ஆயில் ஆக்கினார். கடை, ஆயிலுக்கு ஏற்ற பம்பை அனுப்பியது.

“நான் என்னா செய்ய முடியும்லா?” என்றார் தவுக்கே. “பேப்பர்ல என்னா இருக்கோ அதான் கடையிலேர்ந்து போவும்.”

“உள்ள என்ன ஓடப்போவுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“நீ சொல்லியிருக்கலாமே?”

நான் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவரும் கேட்டிருக்கலாம். அந்தப் பம்பு ஏன் கெட்டது என்பதை அவரே விளக்கினார். எண்ணெய்ப் பம்பில் பற்சக்கரங்கள் எண்ணெயிலேயே வழுக்கிக்கொண்டு சுற்றும். தண்டைச் சுற்றிக் கொழுப்பு தடவிய கயிறு அடைத்திருக்கும், அதில் சொட்டுச் சொட்டாகக் கசிவது வழக்கம். ஹெக்சேனில் வழுக்கல் இல்லை. அது கொழுப்பைக் கழுவிவிடும், சாதாரண ரப்பரை ஊத வைக்கும், இரும்போடு இரும்பு உரசும். பக்கத்திலேயே சாதாரண மோட்டாரும் சுவிட்சும் வேறு.

12.10-க்குக் கரங்கான் பஸ். அங்கே பால் நிலையத்தில் ஆரோக்கியத்தின் அக்கா மேரிக்கு வேலை. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் பாலை நிறுத்து எழுதுவாள். இரவு அவர்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நான் போய் நின்றதும் அவள் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என் தம்பி கையக் கெடுத்தது நீங்கதான்னு எழுதியிருக்காங்களாமே, அண்ணே?”

“எழுதியிருக்காங்க. அது பொய்.” பிறகு கூலிமில் பார்த்ததையும் சொன்னேன். மறைக்கவில்லை. “சீட்டுல எண்ணெய்ன்னு எழுதினது நான்தான்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “அப்ப பொய்யின்னு எப்படிச் சொல்றீங்க?”

“எழுதினது நான். கசியுதுன்னு ரெண்டு தடவ சொன்னதும் நான்தான். அதையும் எழுதச் சொல்லு. அப்புறம் ஒத்துக்கிறேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “வாங்க, ஒண்ணு காட்டறேன்” என்று கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பால் தொட்டியிலிருந்து லாரிக்கு ஏற்றும் பம்பு ஒன்று டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லை. சுற்றுகிற தண்டு இல்லை. வெளியே நின்ற கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாய் மட்டும் வந்தது. உள்ளே இரண்டு சவ்வு, காற்று மாறி மாறித் தள்ளும். பால் பற்சக்கரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதை வைத்திருந்தார்கள்.

நான் அங்கேயே குந்திவிட்டேன். தண்டு இல்லாததால் அதைச் சுற்றிக் கசிய இடமே இல்லை. மோட்டார் இல்லாததால் மின்பொறிக்கும் வழியில்லை.

“பேரு என்ன இதுக்கு?”

“பால் பம்பு. அப்படியே சீட்டுல எழுதிக் குடுங்க, கூலிம்லேர்ந்து மாட்டுப்பால் பம்பு வரும்” என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் அதன் சவ்வு ரப்பர். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் பசையாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், சைக்கிள் டியூப் ஒட்ட அப்படித்தான் பசை செய்தோம். பம்பின் வகை சரி, சவ்வுதான் மாற வேண்டும்.

புதன் காலை எட்டு மணிக்கு ஒரு பால் லாரியில் செர்டாங். நாற்பது நிமிடம். மேரி சொல்லியனுப்பிய ஸ்டீபன் அங்கே பம்பு பழுது பார்ப்பவர். இந்த முறை நான் பம்பின் பெயரைச் சொல்லவே இல்லை. உள்ளே ஓடுவது என்ன, எவ்வளவு சூடு, நிமிடத்துக்கு எத்தனை காலன், எது பட்டால் பற்றும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

“இப்படிச் சொல்ற மொத ஆளு நீங்கதான்” என்று, அலமாரியிலிருந்து ஒரு சவ்வை எடுத்தார். வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. “டெஃப்லான். பெட்ரோலுக்கு அசையாது.”

“பாக்கணும்.”

“என்னாத்த பாக்கணும்?”

“ஊற வெச்சு.”

கடைக்குப் பின்னால் திறந்த வெளியில், இரண்டு ஜாம் புட்டியில் பெட்ரோல் ஊற்றி மூடினோம். ஒன்றில் ரப்பர்த் துண்டு, மற்றொன்றில் வெள்ளைத் துண்டு. ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டீபன் மணிக்கொரு முறை எட்டிப் பார்த்தார். “ஐயா பம்பு வாங்க வந்தீங்களா, ஊறுகா போட வந்தீங்களா?”

ஒன்றரை மணிக்கு ரப்பர் ஊதி, வழவழவென்று நசுங்கியது. வெள்ளைத் துண்டை அவருடைய அளவுகோலில் வைத்தேன். போட்ட அளவே இருந்தது. சனிக்கிழமை வரை அதை ஊறவிட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

பிறகு கடைசிக் கேள்வி. “இந்தச் சவ்வும் ஒருநாள் கிழியும். அப்ப எண்ணெய்...” நாக்கைக் கடித்தேன். “அப்ப ஹெக்சேன் எங்க போகும்?”

ஸ்டீபனின் சிரிப்பு நின்றது. பம்பிலிருந்து காற்று வெளியேறும் துளையைக் காட்டினார். “இது வழியா ரூமுக்குள்ளதான். இதுல குழாய் மாட்டிக் கூரைக்கு மேல கொண்டு போயிடுங்க. கம்ப்ரசர் வேற பக்கம் இருக்கணும். பம்பு ஒடம்பு இரும்பாவே இருக்கட்டும், செம்புக் கம்பி போட்டு மண்ணுல எறக்குங்க. குழாய்ல ஓடுறப்பவே மின்சாரம் சேரும்.”

வியாழன் காலை மானேஜர் மேசையில் படத்தையும் விலையையும் வைத்தேன். பழையதைவிட விலை கூடுதல். ஊதிய வளையத்தையும் அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் வளையத்தை அழுத்திப் பார்த்தார், விரலைத் துடைத்தார், கையெழுத்துப் போட்டார். அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். “அது முடிஞ்சு போச்சுலா” என்றார்.

கிராணி செல்வநாயகம் ஆர்டர் தாளை எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எதிலும் ஒழுங்கு. “நீர் எழுதித் தந்ததைத்தானே நான் எழுதினனான்” என்றார், மெதுவாக.

“தெரியும். இப்ப எழுதுங்க. எண்ணெய் இல்ல. பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும் திரவம், பேரு ஹெக்சேன். சவ்வு டெஃப்லான், ரப்பர் கூடாது.”

“படிவத்திலை இவ்வளவுக்கு இடமில்லை.”

“பின்பக்கம் இருக்கு.”

அவர் தாளைத் திருப்பி எழுதினார். வெள்ளி மாலை ஸ்டீபனே வேனில் கொண்டுவந்து பொருத்தினார். சனிக்கிழமை காலை, வெள்ளைத் துண்டு அப்படியே இருக்கிறது என்று செர்டாங்கிலிருந்து போன் வந்த பிறகு, ஆரோக்கியம் காற்று வால்வைத் திறந்தான். தோல் உரிந்து வெளுத்திருந்த விரல்கள். டக் டக். அறையில் வாடை இல்லை. நான் வாசலில் புண்ணாக்கு மூட்டையோடு நின்று பார்த்தேன். ஒன்பது வருடம் அந்தப் பம்பை அவன் ஓட்டினான். இரண்டு முறை சவ்வு கிழிந்தது, இரண்டு முறையும் ஆவி கூரைக்கு மேலேயே போனது.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

வாங்குகிறவர்கள் பம்பின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். உள்ளே ஓடுவதன் பெயரைச் சொல்லுங்கள். சவ்வின் துண்டை நீங்கள் பயன்படுத்தும் திரவத்திலேயே, திறந்த வெளியில், மூன்று நாள் ஊற வையுங்கள். நான்கு மணி நேரத்தில் நம்பியது என் அவசரம். அந்தத் துண்டைப் பஸ்ஸில் கொண்டு போகலாம், திரவத்தைக் கொண்டு போகாதீர்கள்.

விற்கிறவர்கள், தாளில் என்ன இருந்தாலும், ‘உள்ளே என்ன ஓடும்?’ என்று கேட்க வேண்டும். பொருத்துகிறவர்கள் செம்புக் கம்பியையும் கூரைக் குழாயையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. கசிகிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால், மானேஜர் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையை இப்போது வைத்திருப்பவர்கள் பழைய கோப்பை எடுத்து, ‘கவனக்குறைவு’ என்ற வரியை அடித்து, இப்படி எழுத வேண்டும்: ‘பம்புக்காரர் எண்ணெய் என்று எழுதினார். என்ன எண்ணெய் என்று யாரும் கேட்கவில்லை. கசிகிறது என்று இரண்டு முறை சொன்னார். யாரும் நிறுத்தவில்லை.’

முதல் வாக்கியம் என்னுடையது. அதை நான் இங்கே எழுதிவிட்டேன். மற்ற மூன்றையும் அவர்கள் எழுத வேண்டும்.