பெயர் போடாமல் நான் எழுதிய கடிதம்

அன்பான சகோதர சகோதரிகளே, முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் கை கால் உதறும். சபையைப் பற்றி இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். அது பெரிய தப்பாகப் போயிற்று. அந்தத் தப்பையும், ஆண்டவர் என்னை அதிலிருந்து எடுத்துவிட்ட விதத்தையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பிரெஞ்சுக்காரரின் தேவாலயம் ஒன்றை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதிக்கிற சிறிய சபை எங்களுடையது. நாற்பது, நாற்பத்தைந்து பேர் வருவோம். பாட்டுப் புத்தகங்கள் போதாது. அதனால் ஒவ்வொரு கிழமையும் கீர்த்தனைகளை நான் கையால் எழுதிப் பிரதி எடுத்துக் கொண்டுபோவேன். பன்னிரண்டு வருடமாக அதுதான் என் ஊழியம். பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தபடியே பல்லவியை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். எழுந்து முன்னுக்கு நிற்கத் தேவையில்லாதபடியால் அது எனக்கு முடிந்தது.

என் கணவர் இறந்து ஆறு வருடம். அவரை அடக்கம் செய்த அன்று என்னை நிற்க வைத்தது அந்தப் பழைய பாட்டுகள்தான். வீட்டில் நானும் மகள் ஷெரினும் மட்டும். அவளுக்கு இருபத்து மூன்று வயது. மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நான் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஷெரினும் இன்னும் நாலைந்து இளம் பிள்ளைகளும் சேர்ந்து கீபோர்ட், கிட்டார், டிரம் என்று தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிற புதுப் பாட்டுகள். சொற்களை ஆங்கில எழுத்தில் திரையில் போடுவார்கள். நான்கு வரியையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். எனக்கு மார்பு அதிரும். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் அந்தச் சத்தம் நிற்கும். என் பாட்டுத்தாள்கள் பாதிக்குப் பாதி கதிரைகளிலேயே கிடக்கும். அதைப் பொறுக்கி எடுக்கும்போது அழுகை வரும். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக வாசிப்பாள்.

போன வருடம் செப்டெம்பரில் இதைப் பேசுவதற்குச் சபைக் கூட்டம் வைத்தார்கள். அங்கே எழுந்து பேச எனக்குத் துணிவில்லை. ஆகவே ஒரு மொட்டைக் கடிதம் எழுதி, போதகரின் தபால் பெட்டியில் போட்டேன். 'தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எதை விளங்கி ஆண்டவரைப் பாடப் போகிறார்கள்? இது ஆராதனை இல்லை, ஆரவாரம்' என்று எழுதினேன். கீழே 'ஒரு விசுவாசி' என்று மட்டும் போட்டேன்.

கூட்டம் சூடாகத்தான் இருந்தது. ஆர்மோனியம் வாசிக்கிற ராஜன் அண்ணை எழும்பி, "இது கோயிலோ, கலியாண மண்டபமோ?" என்று கேட்டார்.

டிரம் அடிக்கிற பொடியன் பின்னாலிருந்து, "அங்கிள், உங்கட பாட்டில ஏழு சரணமும் முடியிறதுக்குள்ள வெளியில நிக்கிற காருக்குப் பார்க்கிங் தண்டம் எழுதிப் போடுவாங்கள்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

பிறகு போதகர் என் கடிதத்தை உயர்த்திப் பிடித்து வாசித்தார். ஷெரின் தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டின் வயரைச் சுற்றினாள். நான் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை குசினியில் அவள் முட்டை பொரித்துக்கொண்டு நின்றாள். "ஆரோ எழுதியிருக்கினம். நீ அதை மனசில எடுக்காதை பிள்ளை" என்றேன்.

"ஆர் எழுதியிருப்பினம் அம்மா?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுப்பை நிறுத்தினாள். முட்டையைச் சாப்பிடாமலே அறைக்குப் போய்விட்டாள்.

மூன்று கிழமையில் நகரத்தின் மற்றப் பக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சிநேகிதியோடு இருக்கப் போகிறேன், வேலைக்குக் கிட்ட என்று சொல்லிச் சாமான்களைக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். கோயிலுக்கு வரவில்லை. நான் எடுத்தால் தொலைபேசியில் "ஓம்", "இல்லை", "பேந்து எடுக்கிறன்". அவ்வளவுதான். பிறகு எடுக்கவும் மாட்டாள்.

கீபோர்ட் இல்லாமல் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். டிரம்மைத் துணியால் மூடி மூலையில் வைத்தார்கள். ஏழு சரணமும் விடாமல் கீர்த்தனை பாடினோம். நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்தது. பின்வரிசைகளில் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து ஜெபித்தேன். 'ஆண்டவரே, அவளுடைய மனதை மாற்றும். என் பிள்ளையைத் திரும்பத் தாரும்' என்று கேட்டேன். நான்கு மாதம் கேட்டேன். நத்தார் பண்டிகைக்கும் அவள் வரவில்லை. அன்று ஆண்டவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு சில நாள் ஜெபிக்கவும் இல்லை.

பெப்ரவரியில் திருவிருந்து ஞாயிறு. வழக்கம்போலப் போதகர், யாரோடாவது மனத்தாங்கல் உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு பந்திக்கு வாருங்கள் என்று அழைத்தார். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். வரிசையில் போய் நின்றேன். அப்பத்துக்குக் கை நீட்ட முடியவில்லை. 'ஆருக்குத் தெரியும்' என்று குசினியில் சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. அவளுடைய மனதை மாற்றும் என்று நான்கு மாதம் கேட்டேனே, என் வாயிலிருந்து வந்த பொய்யை ஒரு நாளாவது ஆண்டவரிடம் சொன்னேனா?

கை நீட்டாமலே திரும்பினேன். மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்க் மெத்ரோ ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ஸ்நோடனில் ரயில் மாறும்போதுதான் ஞாபகம் வந்தது, ஞாயிறு அவள் வேலையில் அல்லவா இருப்பாள்! சரி, ஒரு துண்டு எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வருவோம் என்று நினைத்தேன். இன்னொரு கடிதமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. 'அவள் வரும்வரை படியில் இருப்பேன், ஆண்டவரே, வாயைத் திறக்க மட்டும் பலம் தாரும்' என்று ஜெபித்துக்கொண்டு போனேன்.

மணியை அடித்தேன். ஷெரின் கதவைத் திறந்தாள். கடையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்ததால் அன்று பூட்டிவிட்டார்களாம். நான்கு மாதத்தில் அவள் வீட்டில் இருந்த ஒரே ஞாயிறு. தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன்.

"அம்மா? இண்டைக்குக் கோயில் இல்லையோ?"

"பாதியில வந்திட்டன்."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ. எல்லாம் ஈரம்."

கழற்றவில்லை. மிதியடியில் நின்றபடியே சொன்னேன். "பிள்ளை, அந்தக் கடிதம் நான்தான் எழுதினது. உனக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அம்மா, பன்னிரண்டு வருஷமா முழுச் சபையும் உங்கட கையெழுத்தைப் பாத்துத்தானே பாடுது. பாஸ்டர் அந்தத் தாளைத் தூக்கினவுடனே எல்லாருக்கும் விளங்கியிட்டுது. ராஜன் மாமா இருமுற மாதிரிச் சிரிச்சவர்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நான் கடிதத்துக்குக் கோவிக்கேல்லை" என்றாள். "டிரம் பிடிக்காட்டிப் பிடிக்கேல்லை. ஆனா குசினியில என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னீங்கள். அதுதான் அம்மா. அதோட, தமிழ் வாசிக்கத் தெரியாதெண்டு எழுதினனீங்கள். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனனான். எனக்குத் தமிழ் எழுத்துப் பழக்கினது உங்கட பாட்டுத்தாள். புத்தக எழுத்து இப்பவும் எனக்கு ஓடாது. உங்கட எழுத்து ஓடும்."

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் அழுதாள். பிறகு தேநீர் போட்டாள். இரண்டு பேரும் மேசையில் இருந்து ஜெபித்தோம். அவள் பிரெஞ்சில் ஜெபித்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. போதுமாயிருந்தது.

"நான் வந்தா டிரம்மும் வரும்" என்றாள்.

"வரட்டும்."

"ஏழு சரணம் பாட ஏலாது."

"அஞ்சு."

"மூண்டு அம்மா."

"நாலு. அதுக்குக் கீழ வரமாட்டன்."

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்கிற நேரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எழுந்தேன். முன்வரிசைக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கடிதம் எழுதியது நான்தான், பிள்ளைகள் எல்லாரும் என்னை மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன். ராஜன் அண்ணை, "தங்கச்சி, அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் இருங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று திருவிருந்து இல்லாவிட்டாலும், விருந்து சாப்பிட்ட நிறைவு எனக்கு.

பிறகு ஷெரின் கீபோர்டில் இருக்க, நான் பல்லவியை எடுத்தேன். அவள் என் சுருதியைத் தேடித் தேடிக் கடைசியில் பிடித்தாள். "ஒவ்வொரு கிழமையும் வேற வேற சுருதியில எடுக்கிறீங்கள்" என்று இன்றைக்கும் ஏசுவாள். இரண்டாம் சரணத்தில் டிரம் மெதுவாகச் சேர்ந்தது. புதுப் பாட்டுகள் எனக்கு இப்போது பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். இன்னொரு பொய் வேண்டாம். தலை இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கண்ணை மூடிப் பாடும்போது அவர்கள் யாரைப் பாடுகிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. சபையில் இந்த வாக்குவாதம் முடிந்துவிடவில்லை. இப்போது முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை பிடிக்கிறோம். அதற்கும் ஸ்தோத்திரம்.

நான் கேட்டபடி ஷெரின் வீட்டோடு திரும்பி வரவில்லை. அங்கேதான் இருக்கிறாள். ஆனால் என் பிள்ளை எனக்குக் கிடைத்துவிட்டாள். மாற்றும் என்று நான் கேட்டது ஒரு மனதை, ஆண்டவர் மாற்றியது இன்னொரு மனதை. நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

யாராவது ஒருவருக்காக நீங்களும் மாதக்கணக்கில் ஜெபித்துக் களைத்துப் போயிருந்தால், விட்டுவிடாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். முதலில் உங்களை எழும்பிப் போகச் சொன்னால், வெட்கத்தைப் பார்க்காமல் போங்கள். என்னைப் போன்ற ஒருத்தியே போனேன்.

நான் எழுந்து சாட்சி சொன்ன அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஷெரின் வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பாட்டு ஒத்திகை, பிந்த வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.