பொலித்தீன் அருவி

நாங்கள் நான்கு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகச் சித்திரம் படித்தவர்கள். பிழைப்புக்காகத் திசைக்கொருவராகப் போன பிறகும் வரைவதை விடவில்லை. போன வருடம் எல்லோரும் சேர்ந்து ஹட்டனில் ஒரு கண்காட்சி வைத்தோம். இயற்கையும் செயற்கையும்தான் பொருள். துணிக்கடை பாய் ஒருவர் தன் கடைக்கு மேலிருந்த மண்டபத்தைத் தந்தார்.

வந்தவர்களை அதிகம் இழுத்தது எங்களில் ஒருவனான நண்பன் செய்த அருவி. வெள்ளைப் பொலித்தீனை நீளநீளமாகக் கீறிக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டு, பின்னால் மின்விசிறி வைத்திருந்தான். அது சலசலத்துக்கொண்டே இறங்கியது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே விழுந்த அருவியை நினைத்துச் செய்தது அது. மேலே அணை கட்டிய பிறகு நிஜ அருவி நூலாக இளைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அத்தையும் வந்தார்கள். அம்மா அருவிக்கு முன்னால் போய் நின்று, முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. சாரலத்தான் காணோம்," என்றார் நண்பனிடம்.

அத்தை பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றி, அம்மாவின் முகத்தில் விசிறினார். "இந்தாங்க அண்ணி, சாரல்!"

அம்மா விடுவாரா? போத்தலைப் பிடுங்கித் தண்ணீரைத் திருப்பி அடித்தார்.

"ஐயோ, கரண்டு இருக்குங்க!" நண்பன் ஓடிப்போய் விசிறியின் பிளக்கைப் பிடுங்கினான். அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. இருவரும் பொலித்தீனுக்குள் புகுந்து ஒருவரையொருவர் துரத்தினார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது, ஞாயிறுதோறும் உடுப்பு மூட்டையோடு அந்த அருவிக்குப் போவோம். துவைத்ததைப் பாறையில் காயப்போட்டுவிட்டு இவர்கள் இப்படித்தான் தண்ணீரில் கத்திக் கூத்தடிப்பார்கள். அப்போது அம்மாவுக்கு என் இப்போதைய வயதுகூட இருக்காது. பசிக்கிறது என்று கரையில் நின்று நான் அழுதாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். கொழுந்துக் கூடையும் அடுப்பும் இல்லாமல் நான் அம்மாவைப் பார்த்தது அங்கே மட்டும்தான்.

"இந்த ஈரச் சேலையோட எப்படிம்மா பஸ் ஏறுவீங்க?" என்று கேட்டேன்.

"அப்பெல்லாம் இதே ஈரத்தோடதான மலை ஏறுனோம்," என்றார் அம்மா, தலையைத் துவட்டியபடி. அத்தைக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

மறுநாள் நண்பன் மின்விசிறியை மீண்டும் போடவில்லை. வருகிறவர்களுக்காக அருவியின் அடியில் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் வைத்தான்.