சத்தம் கேட்டால் ஓடுகிறவர்கள்

மின்னல் வெட்டினால் தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் சந்தோஷம். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளில் இடி இடித்தால் வெடிமருந்து அறைகளைப் பூட்டிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலை நீட்டிப் படுக்கலாம். இப்போது அதே மின்னல் வெட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மேற்கே மலையில் எங்கேயாவது பற்றியிருக்கும். ஏற வேண்டியது அவர்தான்.

கோடைக்கு மட்டும் வனத்துறை எடுத்துக்கொள்ளும் தீத்தடுப்புக் காவலர் அவர். பெரிய மழை விழுந்தால் போய்விட்டு வா என்று சொல்லிவிடுவார்கள். ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் ஏறும்போது ஒரு பாட்டு, இறங்கும்போது ஒரு பாட்டு பாடுகின்றன. பக்கத்து அறை வெடித்த ஒருநாள் பட்டாசு வேலையை விட்டு ஓடிவந்தவர். நெருப்பிலிருந்து தப்பித்து நெருப்பு அணைக்கிற வேலைக்கு வந்த புத்திசாலி என்று ஊரில் கேலி உண்டு. அவரும் சிரித்து வைப்பார்.

முனியராஜை மலைக்குக் கூட்டிவந்ததும் அவர்தான். அவர் மனைவி அருணாதேவிக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் ஒரு தீபாவளி சீசனில் கம்பெனி வெடித்தபோது அதோடு போய்விட்டார். மிச்சம் தம்பி முனியராஜ். அவனும் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற வேலைதான். ரோட்டில் ஆம்புலன்ஸ் போனால் அருணாதேவி போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடிவந்து நிற்பார். அவன் போன் எடுக்கிறவரை பச்சைத் தண்ணீர் இறங்காது. இதைப் பார்த்துப் பார்த்துத் தனுஷ்கோடிக்கே சலித்துவிட்டது.

"எந்தம்பிய அந்த மருந்துல இருந்து எடுத்துவிடுங்க. மலையில மரந்தான நிக்கு, அது வெடிக்கவா போகுது?" என்றார் ஒருநாள். இவர் ரேஞ்சரிடம் போய்த் தலையைச் சொறிந்து நின்று இடம் வாங்கினார். முனியராஜுக்கு நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள், மருந்து வேலையில் நன்றாகப் பழகிய கை. மலை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அக்கா சொன்னால் சொன்னதுதான். அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பு என்று அருணாதேவியிடம் இவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை மலையேறும்போதெல்லாம் தோளில் கூடவே ஏறியது.

இந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் மழை இல்லாமல் வெறும் இடியும் மின்னலுமாக அடித்துவிட்டுப் போனது. உச்சியில் பட்டுப்போன மரம் ஒன்றில் விழுந்து பற்றிக்கொண்டது. விடிந்ததும் ஏறினார்கள். வனக்காப்பாளர் ஹரிபிரசாத் முன்னால், பின்னால் இவர்களும் இன்னும் சிலரும். தண்ணீர் சுமை, சோற்றுச் சுமை, அரிவாள், முதுகில் சருகை ஊதித் தள்ளுகிற மிஷின். அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

உச்சியைத் தொட வேண்டாம் என்று வாக்கிடாக்கியில் உத்தரவு வந்தது. அங்கே பாதை கிடையாது, தண்ணீர் கிடையாது. பாறை வரைக்கும் எரிந்து தானே அடங்கட்டும். பள்ளத்திலிருக்கும் பெருங்காட்டுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அணைக்கப் போகிறவர்கள் என்று ஊருக்குள் பெயர். உண்மையில் பாதி வேலை எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். மீதிப் பாதி, சருகைக் கூட்டிச் செதுக்கித் தரையை மொட்டையாக்குவது. மொட்டைத் தரையைத் தாண்ட நெருப்புக்குத் தெம்பு இருக்காது.

ஹரிபிரசாத் தினமும் வேலை தொடங்குமுன் பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஒன்றைச் சொல்வார். தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும், மனுஷனை விட வேகமாக ஓடும். ஆபத்து என்றால் எரிந்து முடிந்த கரிக்காட்டுக்குள் புகுந்துவிடுங்கள், அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். முனியராஜும் ஆட்டினான்.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. சரிவில் இவர்களுக்குப் பக்கவாட்டில் இருந்த மூங்கில் புதரில் பொறி விழுந்தது. பச்சை மூங்கில் நெருப்பில் வெந்தால் கணுவுக்குக் கணு வெடிக்கும். முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு சரம் கொளுத்தியது போல மொத்தமாக.

பட்டாசுக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருகிற பாடம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் ஓடு, நெருப்புக்கு முதுகைக் காட்டு, திரும்பிப் பார்க்காதே. மற்றவர்கள் கீழே ஏற்கெனவே எரிந்து கிடந்த கரிக்காட்டுக்குள் இறங்கினார்கள். தாயில்பட்டிக்காரர்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் ஓடினார்கள், மேட்டைப் பார்த்து, ஆளுயரம் காய்ந்து நின்ற புல்லுக்குள்.

கொஞ்சம் ஏறியதும் தனுஷ்கோடியின் முழங்கால் மடங்கியது. விழுந்த இடத்தில்தான் புத்தி வந்தது. காலை நம்பி இத்தனை வருஷம் உயிரைக் காப்பாற்றியவருக்கு, அந்தக் காலே கொண்டுபோய்க் கொல்லப் பார்க்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. முனியராஜ் மேலே ஏறிக்கொண்டிருந்தான்.

"ஏலே முனியராஜு, கீள வாலே! கரிக்குள்ள வா!"

அவன் திரும்பினான். அவனுக்கும் கரிக்காட்டுக்கும் நடுவே இடுப்பளவு நெருப்பு ஒரு வரப்பு போல ஓடியது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏறினான். நெருப்பைப் பார்த்து ஓடு என்றால் தாயில்பட்டிப் பக்கத்தில் எவன் கேட்பான்?

தனுஷ்கோடி பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு நொண்டியபடி பின்னாலேயே போய், புல்லில் சிக்கித் தடுமாறியவனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வீரம் ஒன்றும் இல்லை. அருணாதேவி முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்தான். அவன் திமிறினான், அறைந்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டபடியே நெருப்பு வரப்பைத் தாண்டிச் சாம்பலில் விழுந்தார்கள். அவன் ஏறிக்கொண்டிருந்த புல் மேடு பின்னால் ஒரே மூச்சில் எரிந்து முடிந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை.

மற்றவர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பியூலா, இருவரின் வெந்த கையையும் காலையும் பார்த்ததும், "எந்தக் கம்பெனிண்ணே?" என்று கேட்டார். மலை என்றார் இவர். பியூலா நம்பவில்லை. கம்பெனிக்காரர் சொல்லவேண்டாம் என்றாரா என்று மெதுவாகக் கேட்டார். உச்சித் தீ பாறையைத் தொட்டு, உத்தரவில் சொன்னபடியே தானாக அடங்கியது.

புண் ஆறியதும் முனியராஜ் அக்கா வீட்டுக்கு வந்தான். திங்கட்கிழமை முதல் மறுபடி கம்பெனிக்குப் போகிறேன் என்றான். அருணாதேவி கத்தினார், அழுதார், அண்ணன் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார். முதல்முறையாக அவன் அக்கா பேச்சைக் கேட்கவில்லை.

"அங்கன வெடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு எனக்குத் தெரியும்க்கா. மலையில தெரியல."

தனுஷ்கோடி தரையைப் பார்த்தபடி, "நானும் மேட்டப் பாத்துத்தாம்லே ஓடுனேன்" என்றார்.

"பாத்தேன் மச்சான். அதான் சொல்லுதேன், நீங்களும் வந்திருங்க."

அருணாதேவி அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தார், அவராவது மாட்டேன் என்று சொல்லட்டும் என்று. தனுஷ்கோடிக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.