ஃப்ரீசரைக் குத்த வந்த கம்பி

ராயபுரத்தில் மூணு மாடி வீடு கட்டினேன். காசிமேட்டில் ஐஸ் தூக்கின இதே தோளால் ரெண்டு விசைப்படகு வாங்கி விட்டேன். டோல்கேட்டில் தம்பிக்குக் கடை வைத்துக் கொடுத்தேன். மகளை டீச்சராக்கினேன். நான் படிச்சது மூணாங்கிளாஸ். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஃப்ரீசரைச் சரி பண்ணினதும் நான்தான். அதை மட்டும் எவனும் ஒத்துக்க மாட்டேன்கிறான்.

பேத்தி ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அது. விருந்துக்கு வாங்கின இறால் அத்தனையும் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஃப்ரீசரில் இருந்தது. காலையில் என் வூட்டுக்காரி சமையல்கட்டில் வழுக்கி விழுந்தாள். தரையெல்லாம் தண்ணி. ஃப்ரீசரைத் திறந்தேன். அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டி, அதன் மேல் தண்ணி தேங்கி, கீழ்த்தட்டுக்குச் சொட்டிக்கினு இருந்தது. மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள். என் மச்சான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவன். ஐஸ் என்று கேட்டதும் பாளம் குத்துற கம்பியோடவே வந்து நின்றான்.

“டேய் மச்சான், கம்பியைக் கீழ போடு.”

“இன்னா மாமா, மலை மாதிரி பாளத்தையே பொளக்கிறேன். இந்தப் பிசாத்து ஐஸுக்கு பேஜாராவுற.”

சொல்லிக்கொண்டே ஒரு குத்து. ஐஸ் சில்லு தெறித்து அவன் கன்னத்தையே கிழித்தது. ரத்தத்தைத் துடைக்காமல் கையை மறுபடி ஓங்கினான். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். முழங்கையால் என் வாயில் இடித்தான், கீழ்ப்பல் ஒண்ணு ஆடிப்போச்சு. பிடரியைப் பிடித்து அவன் நெற்றியை ஃப்ரிட்ஜ் கதவில் மோதினேன். தட்டு உடைந்தது, முட்டை உடைந்தது. அவன் மூஞ்சியை ஃப்ரீசருக்குள் அமுக்கிச் சொன்னேன்:

“பின்னாடி தகடு கீது பாரு. அதுக்கு அந்தாண்ட கேஸ் பைப்பு. இன்னும் ஒரு குத்து குத்துன, பொட்டி செத்துச்சு. நாளைக்கு வர்றவங்களுக்கு இறாலா போடுவ, உன் தலையையா?”

முன்னாடி இருந்த ஃப்ரிட்ஜை அப்படித்தான் ஸ்க்ரூ டிரைவரால் நானே கொன்றேன். உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். காயலான் கடைக்குத்தான் போனது.

வூட்டுக்காரி தொடப்பத்தால் ரெண்டு பேரையும் சாத்தின பிறகுதான் அவன் கம்பியை விட்டான்.

“கிழவனுக்கு ஒரு அடி, குடிகாரனுக்கு ஒரு அடி,” என்றாள்.

“நான் இன்னைக்குக் குடிக்கவே இல்லக்கா,” என்றான் மச்சான்.

பிளக்கைப் பிடுங்கினேன். மச்சான் போய் ஐஸ் கொண்டு வந்தான், இறாலை மீன் பெட்டியில் புதைத்தோம். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பின்தகட்டை எடுத்தேன். சுடுதண்ணியை மக்கு மக்காக ஊற்றினேன். ஐஸ் கரைந்ததும் பின்பக்கம் சுண்டுவிரல் நுழையாத ஒரு ஓட்டை தெரிந்தது. ஐஸ் உருகுற தண்ணி வெளியே போக வேண்டிய வழி அது. அடைத்துக்கொண்டு நின்றது. பெரிய மீனுக்குக் கட்டுற தங்கூசி நைலான் நரம்பை விட்டுக் குடைந்தேன். வந்தது என்ன? அழுக்கில் சுருண்ட இறால் மீசை. கழுவாமல் உள்ளே வைத்த பைகளிலிருந்து போனது. மறுபடி ஊற்றினேன். தண்ணி குடுகுடுவென்று பின்னாடி தட்டில் போய் விழுந்தது. தகட்டை மாட்டிப் பிளக்கைச் செருகினேன், சாயங்காலம் ஃப்ரீசர் பழையபடி குளிர்ந்தது.

விருந்தில் இறாலை எல்லாரும் புகழ்ந்தார்கள். மச்சான் கன்னத்தில் பிளாஸ்திரியோடு கோயில் ஆட்களிடம், “ஃப்ரீசர்ல நான்தான் எறங்கி வேலை பார்த்தேன், பார் காயம்,” என்கிறான். வூட்டுக்காரி பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள். எனக்கும்தான் காயம். பல் ஆடுறது வெளியே தெரியவில்லை.

அவன் ஐஸ் கொண்டு வந்தான், அதை மறைக்கவில்லை. கம்பியைத் தடுத்தவன் நான், மீசையை எடுத்தவன் நான். வர்ற ஞாயிறு பூசை முடிந்து அதே ஆட்கள் முன்னால் அக்காளும் தம்பியும் சேர்ந்து இதைச் சொல்லணும். சும்மா “மாமாவும் கூட இருந்தாரு” என்று இழுக்கக் கூடாது. மாமாதான் சரி பண்ணினார் என்று சொல்லணும்.